பெட்டி இறங்கிய இடம்

நாகமலைப் புதுக்கோட்டையில்
பல்கலைக்கழக கேட்டுக்கு எதிர்வரிசை,
டயர்க்கடைக்கும் புரோட்டாக்கடைக்கும் நடுவே
எட்டுக்குப் பத்தில் என் கடை.
டைப்பிங், ஜெராக்ஸ், பைண்டிங்.
ஒரே கம்ப்யூட்டருக்குள் இந்த மாதம்
இரண்டு கூட்டம் குடியிருக்கிறது.

ஒன்று, இனியோபோங் கொண்டுவந்தது.
நைஜீரியாக்காரன், இபிபியோ.
வரலாற்றுத் துறையில் நாலாவது வருஷம்.
'இனி' என்றால் அவன் மொழியில் காலமாம்.
நமக்கு வரப்போவது மட்டும்தான் இனி.
அவனுக்குப் போனதும் இனிதான்.

ஊர் இக்கோட் உடோமா.
இக்கோட் என்றால் இன்னாரின் ஆட்கள்.
உத்தப்பநாயக்கனூர் மாதிரி என்றேன்,
ஆள் செத்த பிறகும்
பஸ் போர்டில் போய்வருகிற பெயர்.
அடிக்குறிப்பில் சேர்க்கலாமா என்று
நிஜமாகவே கேட்டான்.

இரண்டாம் அத்தியாயம்
கேமரூன் பக்கம் உசாக் எடெட்டில் கிளம்புகிறது.
இல்லை, இபோம் வழியாக வந்தோம் என்பார் சிலர்.
பெனுவே ஆற்றங்கரை என்பார் வேறு சிலர்.
எது சரி என்றேன்.
மூன்றுக்கும் ஒரே அளவு எழுத்துப் போடு என்றான்.

மற்றது எங்கள் வகையறா.
மாசிச் சிவராத்திரிக்குப் பெட்டி தூக்குவதில்
யார் முதல் என்று
உசிலம்பட்டி கோர்ட்டில் ஒன்பது வருஷம்.
காலையில் வாதி சின்னக்காமு வருகிறார்:
பஞ்சத்தில் வடக்கேயிருந்து நடந்த அண்ணன் தம்பி,
பெட்டி சுமந்தவன் அண்ணன் ஒச்சு.
மத்தியானம் பிரதிவாதி ஒய்யப்பன் வருகிறார்:
அதே பஞ்சம், அதே வடக்கு,
சுமந்தவன் தம்பி சோணை.
வாதியின் ஃபைலையே காப்பி எடுத்து
பெயரை மட்டும் மாற்றிக் கொடுத்தேன்.
இருவருக்கும் பக்கத்துக்கு முப்பது ரூபாய்.

இன்னொரு கதை உண்டு.
மாயக்கா அத்தை
ரேஷன் வரிசையில் காதோடு சொன்னது.
பெட்டியே நம்முடையதில்லையாம்.
எவனோ தலைமாட்டில் வைத்துத் தூங்க,
நம்ம ஆள் தூக்கிவந்துவிட்டான்.
திறந்தால் நகை இல்லை.
ஒரு சிவப்புத் துணி, கத்தி, பிடி மண்.
எடுத்தவனுக்கு மூன்று நாள் காய்ச்சல்.
திருப்பிக் கொடுக்கப் போனபோது
அந்தச் சனம் ஊரைவிட்டே போயிருந்தது.
அப்புறந்தான்டி அது சாமி.

கரண்டு போன ஒரு சாயங்காலம்
யூபிஎஸ் கீச்சிட்டு அடங்கிய பின்
இதை இனியோபோங்கிடம் சொன்னேன்,
என் இங்கிலீஷ் தாங்கின மட்டும்.
அவன் சிரிக்கவில்லை.
அறுபத்தொன்றாம் பக்கத்தை எடுத்தான்.
கைடு சிவப்பில் அடித்த பத்தி.
எங்கள் ஓடைக்கரையிலும்
முன்னாலேயே யாரோ இருந்தார்கள்.
நாங்கள் போய்ச் சேர்ந்தபோது
அடுப்பு சூடாக இருந்ததாம்.
ஆதாரம் கேட்கிறார் கைடு.
யாரிடம் போய் வாங்குவது?

வக்கீல் போனில் கத்துகிறார்:
வரலாறு ஒரே பக்கம், தெளிவாக வேண்டும்.
என்பர், என்ப, சொல்கிறார்கள்,
இந்த இழுவையெல்லாம் கூடாது.
சரி சார்.
'என்பர்' எல்லாவற்றையும் தேடி அழித்தேன்.
பதினேழு இருந்தது.

அழித்த இடத்தில் ஒரு வரி மிச்சமாக
வாதி பக்கத்திலும் பிரதிவாதி பக்கத்திலும்
ஒரே மாதிரி அடித்தேன்:
'வந்து சேர்ந்தபோது அவ்விடத்தில்
அடுப்பு சூடாக இருந்தது.'

சின்னக்காமு படிக்காமல் கையெழுத்துப் போட்டார்.
ஒய்யப்பன் கைநாட்டு.
ஒன்பது வருஷ வழக்கில்
இரு தரப்பும் ஒத்துக்கொண்டது
அது ஒன்றுதான்.

யார் வீட்டு அடுப்பு என்று
ஜட்ஜம்மா கேட்டார்களாம்.
வாய்தா ஆவணி பதினொன்றுக்கு.

இனியோபோங் தீசிஸ் ஐந்து காப்பி,
மெரூன் ரெக்சின், தங்க எழுத்து.
பசை இன்னும் காயவில்லை.
அழுத்தி வைக்கக் கல் தேடுகிறேன்.